உச்சிமாளி வீட்டுக் கதவு

ரொம்பக் காலத்துக்கு முன்ன, இந்த எருக்கவிளையில தெருவே ஒண்ணுதான் இருந்திச்சாம், வீடு பதினோரு வீடுதான் இருந்திச்சாம். அந்தப் பதினொண்ணுல பலகைக் கதவு போட்ட வீடு ஒண்ணே ஒண்ணு. மத்த வீட்டுக்கெல்லாம் பனையோலைத் தட்டிதான். நாய் வந்தா மூஞ்சியால தள்ளிட்டு உள்ள போயிரும்.

சொல்லுதேன், இப்படி நிழலுக்கு வாங்க சம்மந்தி. காலையிலருந்து ரெண்டு விசயத்தப் பாத்துட்டு, கேக்கவா வேண்டாமான்னு இருக்கீங்க. எனக்குத் தெரியும். இன்னைக்கு நிலை வைக்கப் போறோம், நல்ல காரியம். எம் மவன் ஏன் கை நெறையச் செம்மண்ண அள்ளிக்கிட்டு நடுத்தெருவுல நின்னு, ‘எங்க கையில யார் வீட்டுப் பொருளாவது இருக்கா’ன்னு மூணு தடவ கேட்டான்? அது ஒண்ணு. தேக்குல நிலை செஞ்சு வச்சிருக்கவன், அடியில இத்துப்போன பழைய கதவு ஒண்ண ஏன் சாக்குல சுத்திச் சாத்தி வச்சிருக்கான்? அது ரெண்டு. ரெண்டுக்கும் கதை ஒண்ணுதான். பொண்ணக் குடுத்துட்டீங்க, இனி மறைச்சு என்ன ஆகப் போவுது. வெக்கக்கேடான கதைதான். நான் முப்பது வருசம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். டிக்கெட் எடுக்காதவன அவன் முழியப் பாத்தே பிடிச்சிருவேன். அந்த முழி எங்க வம்சத்துக்கே உண்டு, எனக்கும் உண்டு.

அந்தப் பலகைக் கதவு போட்ட வீடு செல்லையா வீடு. அவரு பொண்டாட்டி பேரு உச்சிமாளி. கொல்லையில நின்ன வேம்ப வெட்டி, அறுத்து, ரெண்டு வருசம் காயப்போட்டுச் செஞ்ச கதவாம். பூட்டு உண்டு, ஒரு சாண் நீளத்துக்கு இரும்புச் சாவி உண்டு. அடுத்த வீட்டுக்காரரு பலவேசம். பனையேறி. அவரு யாருன்னு கேளுங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா.

மழை மூணு வருசம் பொய்ச்சுப் போச்சாம். பனையே பாளை விடலேன்னா பாத்துக்கிடுங்க. செல்லையாவும் உச்சிமாளியும் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கெளம்பிட்டாவ. கெளம்புத அன்னைக்கு உச்சிமாளி கதவப் பூட்டி, சாவியக் கொண்டாந்து பலவேசம் தாத்தா கையில குடுத்தாளாம்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உள்ள ஒரு வெளக்கு ஏத்தி வச்சிருங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம். வெளக்கு எரியுத வீட்டுக்குள்ள யாரும் காலு வைக்க மாட்டாவ.”

“நீ போயிட்டு வா தங்கச்சி. நான் இருக்கேன்லா.”

நான் இருக்கேன்லான்னு சொன்னாரு. இருக்கவும் செஞ்சாரு. மொத வருசம் வெள்ளி தவறாம வெளக்கு எரிஞ்சிச்சாம். ரெண்டாவது வருசமும் எரிஞ்சிச்சாம். மூணாவது வருசம் ஐப்பசியில மழை பிடிச்சுது பாருங்க, மூணு வருசத்து மழையும் சேத்துப் பேஞ்ச மாதிரி பேஞ்சிச்சாம். அந்தச் சமயத்துல பலவேசம் தாத்தா மக பேராச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. நெற மாசம். வாசல்ல ஓலைத் தட்டி நனைஞ்சு சரிஞ்சு போச்சு. சாரல் உள்ள வரைக்கும் அடிக்கி.

தாத்தாவுக்குப் பொண்டாட்டி சொல்லுதா: “புள்ள பொறக்குற வீட்டுல இப்படி ஈரம் அடிச்சா எப்படி? அடுத்த வீட்டுல பலகைக் கதவு சும்மாத்தான நிக்கி.”

“அது பொறத்தியார் பொருளுல்லா.”

“பொருள யாரு கேட்டா? மூணே மாசம். தொண்ணூறு கழிஞ்சதும் கொண்டுபோய் மாட்டிருங்க.”

தாத்தா யோசிச்சாராம். உள்ள பேராச்சி முனகுதது கேக்கு. போனாரு. சாவி போட்டுத் தொறந்தாரு. கதவ அப்படியே, அது சுழலுத குடுமியோட தூக்கி எடுத்தாரு. முதுகுல போட்டுக் கொண்டாந்து தன் வாசல்ல நிறுத்துனாரு. மறுநா காலையில ஆம்பளப் புள்ள பொறந்திச்சு. அந்தப் புள்ளதான் எங்க தாத்தா, ஐயாக்குட்டி.

தொண்ணூறு கழிஞ்சிச்சு. புள்ளைக்குச் சளி, பனி போவட்டும்னாவ. பனி போச்சு, பனைக்காலம் வந்திட்டு, இப்ப எங்க நேரம்னாவ. அடுத்த மழையும் வந்திட்டு. பேராச்சி புருசனும் இங்கனயே பனையேற வந்துட்டாரு, அதனால அவ மாமியா வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்ல. கதவும் திரும்பிப் போகல. அங்க வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்துனா, கதவில்லாத வாசல்ல காத்து வந்து அணைச்சிரும். நாலு வாரம் ஏத்திப் பாத்தாராம். பொறவு அதையும் விட்டுட்டாரு.

இப்பத்தான் சம்மந்தி, கேடு வருது. இந்தத் தெருக்காரன் ஒருத்தனும் கள்ளன் இல்ல. கீழ கெடக்குற பனங்காயக்கூட யாரு மரத்துக் காயின்னு கேட்டுட்டுத்தான் எடுப்பான். ஆனா அவன் என்ன நெனச்சான்? ‘சாவி வச்சிருக்குற பலவேசமே கதவக் கழத்திட்டாரு. அப்போ அவ்வோ இனி வரமாட்டாவன்னு அவருக்குத் தாக்கல் வந்திருக்கு.’ இப்படி நெனச்சான். மொதல்ல ஒருத்தன் அம்மியக் கொண்டுபோனான். ஒருத்தன் ஆட்டுக்கல்ல உருட்டிட்டுப் போனான். ஒருத்தன் பரண் பலகை. ஒருத்தன் நிலைய நோண்டி எடுத்தான். கூரையப் பிரிச்சு, தாங்கி நின்ன பனங்கைச் சட்டமெல்லாம் உருவினான். படிக்கல்லக்கூட விடல. ஒவ்வொருத்தனும் போகும்போது பலவேசம் தாத்தா வாசலத் தாண்டித்தான் போகணும். அவரு பாப்பாரு. அவனும் பாப்பான். அதை எடுக்காதலேன்னு சொல்லணும். எந்த வாயால சொல்லுவாரு?

அவரு எடுத்தது ஒரு கதவு. ஊரு எடுத்தது வீடு.

ஒம்பதாவது வருசம், ஒரு பங்குனி மாசம், நல்ல உச்சி வெயிலு. உச்சிமாளி திரும்பி வந்தா. ஒத்தையில வந்தா. செல்லையா அங்கன காய்ச்சல்ல போயிட்டாராம். கையில ஒரு துணி மூட்டை. வந்தவ வீட்டப் பாக்கா. நாலு மண் சுவரு, இடுப்பு ஒயரம். உள்ள எருக்கஞ்செடி பூத்து நிக்கி. அழல. கத்தல. நேரா அடுத்த வீட்டுக்கு வந்தா.

“அண்ணாச்சி, சாவி தாங்க.”

கதவு உள்பக்கமாத் தொறந்து சுவரோட ஒட்டி நிக்கி. அவ வெளிய வெயில்ல நிக்கா, உள்ள இருட்டு, கண்ணுக்குத் தெரியல. பலவேசம் தாத்தா அந்தக் கதவுல முதுகச் சாச்சுக்கிட்டு நிக்காரு. சாஞ்சுக்கிட்டே கைய நீட்டி மாடக்குழியிலருந்து சாவிய எடுத்தாரு. குடுத்தாரு. அவ வாங்கி முந்தியில முடிஞ்சா.

“கதவு எங்க போச்சு அண்ணாச்சி?”

“யாரோ கழத்திட்டுப் போயிட்டான் தங்கச்சி. ஒரு மழைக்காலத்துல.”

யாரோ. அந்த ‘யாரோ’தான் எங்க தாத்தன் எங்களுக்கு வச்சிட்டுப் போன சொத்து. என் அப்பா கதை சொல்லும்போது இந்த எடத்துக்கு வந்ததும் நிறுத்திருவாரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மேல சொல்லுவாரு.

அவ குடிக்கத் தண்ணி கேட்டா, குடுத்தாவ. குடிச்சிட்டுப் போனா. பொழுது சாயுமுன்ன தாத்தா கதவக் கழத்தி, ஆட்டுக் கொட்டில்ல சாய்ச்சு வச்சு, மேல ஓலைக்கட்ட அடுக்கிட்டாரு. தன் வாசலுக்குப் பழையபடி தட்டிதான்.

மறுநா காலையில அருவாள எடுத்துக்கிட்டுப் போயி அவ வீட்டுக்குள்ள எருக்கஞ்செடிய வெட்ட ஆரம்பிச்சாரு. யாரும் கேக்கல, அவராப் போனாரு. அது ஒரு நாளு வேலையில்ல சம்மந்தி, பதினாலு வருசத்து வேலை.

பனைத்தொழிலு ஓய்ஞ்சு, அடமழையும் ஓய்ஞ்சா, மார்கழி தை ரெண்டு மாசந்தான் பனையேறிக்குக் கை சும்மா இருக்கும். அந்த ரெண்டு மாசமும் அங்கனதான். மொத வருசம் மட்டும் மார்கழிக்குக் காத்திருக்கல, அப்பவே உள்பக்கத்தத் துப்புரவாக்கி, அவ படுக்க ஒரு மூலையில சாய்ப்பு எறக்கினாரு. அடுத்த வருசம் வடக்குச் சுவரு. மண்ணக் கொழச்சு, மிதிச்சு, ஒரு படை வச்சா அது காய நாலு நாளு. காஞ்சாத்தான் மேல அடுத்த படை. மூணாவது வருசம் கெழக்குச் சுவரு. நாலாவது வருச மழையில கெழக்குச் சுவரு இடிஞ்சு விழுந்திட்டு, மறுபடி மொதல்லருந்து. பனங்கைக்கு மரம் வேணும், வைரம் பாஞ்ச கெழட்டுப் பனைதான் ஆகும், தன் விளையிலருந்து வருசத்துக்கு ஒண்ணு ரெண்டா வெட்டினாரு. வெட்டுனத ஒரு வருசம் ஊறப்போட்டாரு. எட்டாவது வருசம் வலது கையில ரெண்டு விரலு மடங்காமப் போச்சு. பனையேறிக்கு அது வழக்கந்தான், பாளை அருவா பிடிச்சுப் பிடிச்சு வரும். ஆனா அவரு அப்படி நெனைக்கல.

ஏன்னா உச்சிமாளி ஒரு காரியம் செய்வா. வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்த மாட்டா. கதவு நின்ன எடத்துல வந்து நிப்பா. செம்மண்ண ஒரு பிடி அள்ளுவா.

“என் கதவக் கழத்துன கை வெளங்காமப் போகட்டும்.”

சொல்லி மண்ணத் தூத்துவா. சுவருக்கு மேல உக்காந்து இவரு மண்ணு பூசிக்கிட்டு இருப்பாரு. அந்தக் கைதான் பூசிக்கிட்டு இருக்கும். அவ சாபம் குடுத்து முடிச்சிட்டு, “அண்ணாச்சி, எறங்கி வாங்க, கஞ்சி ஆறுது”ம்பா. எறங்கி வந்து குடிப்பாரு.

ஊரு என்ன சொல்லுது? “கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். பலவேசம் மனுசனா, தெய்வம்லா.” மத்த ஒம்பது வீட்டுக்காரனுந்தான் சொல்லுதான். சத்தமாச் சொல்லுதான். அவன் கூரையில அவ பனங்கை, அவன் அடுப்படியில அவ அம்மி. சத்தமாச் சொன்னாத்தான அவனுக்கு மனசு அடங்கும். ஆனா ஒருத்தனும் ஒரு கூடை மண்ணு சுமந்து குடுக்கல. கிட்ட வந்தா எங்க பேச்சு வந்திருமோன்னு பயம்.

உச்சிமாளி அந்த ஒம்பது வீட்டுலயும் தண்ணி குடிக்க மாட்டா. இந்தத் தெருவுலதான் எவனோ கழத்தியிருக்கான், எவன்னு தெரியல, அதனால எவன் வீட்டுலயும் வேண்டாம்னு வச்சிருந்தா. பலவேசம் தாத்தா வீட்டுல மட்டுந்தான் குடிப்பா. ஐயாக்குட்டிய ‘பேராண்டி’ன்னுதான் கூப்பிடுவா. அவன் வளந்து, மீசை வச்சு, பனையேற ஆரம்பிச்சிட்டான். மொத நாளு எறக்குன பதனிய அவளுக்குத்தான் கொண்டுபோய்க் குடுத்தானாம்.

பதினாலாவது வருசம் தை மாசம். சுவரு முடிஞ்சுது, கூரை முடிஞ்சுது, தரை முடிஞ்சுது. தாத்தாவே புங்க மரத்துல நிலை செஞ்சிட்டாரு. கதவு மட்டும் இல்ல. மூணு வருசமாவே உச்சிமாளி கேட்டுக்கிட்டு இருக்கா: “அண்ணாச்சி, ஒரு கதவு போட்டுத் தாங்க. சாவு வாரதுக்குள்ள ஒரு நாளாவது என் வாசலப் பூட்டித் தொறந்து பாக்கணும்.” இவரு, “பாப்போம் தங்கச்சி, நல்ல மரம் அமையட்டும்”னு தள்ளிக்கிட்டே வந்திருக்காரு.

நிலை வைக்குத அன்னைக்கு ஊரே வந்து நிக்கி. நல்ல வெயிலு. நிலைக்கு மஞ்ச பூசியாச்சு, குழி தோண்டியாச்சு. ஆசாரி, “தூக்குவமா?”ங்கான். உச்சிமாளி, “பொறுங்க”ன்னுட்டுக் குனிஞ்சு ஒரு பிடி செம்மண்ண அள்ளுனா.

“இன்னையோட என் வீடு முடிஞ்சிட்டு. இனி நான் மண்ணு தூத்த மாட்டேன். இதான் கடைசி. அதனால இத்தன நாளு சொல்லாதத இன்னைக்குச் சொல்லிருதேன். என் கதவக் கழத்துனவன் கை மட்டுமில்ல, அவன் வம்சமே...”

பலவேசம் தாத்தா பாஞ்சு அவ மணிக்கட்டப் பிடிச்சிட்டாராம்.

“வம்சம்னு சொல்லாத தங்கச்சி.”

“ஏன் அண்ணாச்சி?”

அவரு ஐயாக்குட்டியப் பாத்தாரு. ஐயாக்குட்டி நிலையோட ஒரு பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு அங்கனதான் நிக்கான்.

“ஏன் அண்ணாச்சி சொல்லக்கூடாது?”

“அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இவன் பொறந்தான்.”

அவ்வளவுதான் சொன்னாரு. கைய விட்டாரு. வீட்டுக்கு நடந்தாரு. கொட்டில்ல ஓலைக்கட்டத் தள்ளுத சத்தம் தெருவுக்கே கேட்டிச்சாம். கதவ முதுகுல போட்டுக்கிட்டு, தெரு நடுவுல, எல்லாரும் பாக்க, நடந்து வந்தாரு. அவ முன்னால எறக்கி வச்சாரு. இருபது வருசம், ஆட்டுக் கொட்டில்ல மட்டும் பதினாலு வருசம், ஆட்டு மூத்திரத்துல ஊறி அடியில ஒரு சாண் இத்துப் போயிருந்திச்சு.

“மொதல்ல எடுத்தவன் நான். ஊரு எடுத்ததெல்லாம் நான் காட்டுன வழி.”

உச்சிமாளி கதவப் பாக்கா. முந்திய அவுத்துச் சாவிய எடுத்தா. பூட்டுல போட்டா. உள்ள போகல, துரு ஏறி அடைச்சுப் போச்சு. சாவியத் திரும்ப முடிஞ்சுக்கிட்டா. மத்தக் கையில மண்ணு அப்படியே இருக்கு. ஐயாக்குட்டி மூஞ்சியப் பாக்கா. தூத்தவும் முடியல, கீழ போடவும் மனசில்ல. நிக்கா. கடைசியில குனிஞ்சு அந்த மண்ண நிலைக் குழிக்குள்ள வச்சா.

“இதுக்கு மேல நிலைய வைங்க” அப்படின்னா.

பொறவு பலவேசம் தாத்தாவப் பாத்துச் சொன்னாளாம்: “பதினாலு வருசமா ஒம்பது வீட்டுத் தண்ணிய நான் குடிக்கல. ஒன் வீட்டுத் தண்ணியத்தான் குடிச்சேன்.”

அண்ணாச்சி போச்சு, நீங்க போச்சு.

“வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் அழுதிருப்பேன், ஏசியிருப்பேன், சாயங்காலம் ஒன் வீட்டுலயே சோறு தின்னிருப்பேன். வீடு இல்லேன்னாலும் எனக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பான். நீ எனக்கு வீட்டக் கட்டிக் குடுத்துட்டு அண்ணன எடுத்துக்கிட்ட.”

“தங்கச்சி, கதவ மாட்டித் தாரேன்.”

“வேண்டாம். இத ஒன் வீட்டுலயே மாட்டு. தெனமும் தொற. தெனமும் அடை. சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

அந்த ஒம்பது வீட்டுக்காரனும் மெதுவா நழுவுனானாம். கொஞ்ச நேரங்கழிச்சு ஒவ்வொருத்தனாத் திரும்பி வந்தான். ஒருத்தன் அம்மியத் தூக்கிட்டு வாரான். ஒருத்தன் ஆட்டுக்கல்லு, ஒருத்தன் படிக்கல்லு, ஒருத்தன் பழைய நிலை. கூரையப் பிரிச்சுப் பனங்கைய உருவிக் கொண்டாந்தவனும் உண்டு. முத்தத்துல மலையாட்டம் குமிஞ்சு கெடந்திச்சாம். வீடு முடிஞ்ச பொறவு அத வச்சு என்ன செய்ய? அம்மிய மட்டும் அவ உள்ள எடுத்தா. மத்தது வெளியவே கெடந்திச்சு, மரமெல்லாம் மழையில இத்துச்சு.

அதுக்கப்புறம் ஆறு வருசம் இருந்தா உச்சிமாளி. கதவில்லாத வீட்டுலதான் இருந்தா, ஒரு தட்டிகூட வைக்கல. ஐயாக்குட்டிய பேராண்டின்னு கூப்பிடுததை மட்டும் விடல. ஆனா எங்க வீட்டுப் படி ஏறல, தண்ணி குடிக்கல. பலவேசம் தாத்தா அதுக்குப் பொறவும் வருசா வருசம் மார்கழியில மண்ணு கொழச்சுக்கிட்டுப் போவாராம். பூசுவாரு. கஞ்சிக்குக் கூப்பிட ஆளு கெடையாது. எறங்கித் தன் வீட்டுக்கு வந்து, அந்தக் கதவத் தொறந்து உள்ள போவாரு. அவ செத்தப்போ சாவிய முந்தியில முடிஞ்சபடியே வச்சுத்தான் பொதச்சாவ.

தெரு மேக்கால கடைசியில கதவில்லாம ஒரு மண்வீடு பாத்தீங்கல்லா, வரும்போது உங்க வீட்டம்மாகூட ‘பாவம் யாரோ ஏழைபாழை’ன்னு சொன்னாவ. அதான் அது. வருசம் ஒரு வேலை, எங்க வீட்டு ஆளு செஞ்சே ஆகணும். வெள்ளிக்கெழம வெளக்கு நாங்கதான் ஏத்துதோம், காத்து அணைச்சா மறுபடி ஏத்துவோம். போன தையில மேலச் சுவருக்கு நான்தான் மண்ணு பூசினேன், இடுப்பு இன்னும் வலிக்கு. அன்னையிலருந்து எருக்கவிளையில எவன் வீட்டுக்கு நிலை வச்சாலும், கையில மண்ண வச்சுக்கிட்டுத் தெருவுல மூணு தடவ கேப்பான். இருக்குன்னு யாராவது சொன்னா, அதக் குடுத்துட்டுத்தான் நிலை. இல்லேன்னா மண்ணு குழிக்குள்ள போவும். மத்தவனுக்கு அது சடங்கு. எங்களுக்கு அப்படியில்ல. எம் மவன் கேக்கும்போது நான் கொல்லப்பக்கம் போய் நின்னுக்கிட்டேன். இருக்குன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வருது. கையில இருக்கு, ஆனா வாங்கிக்கிட ஆளு இல்லையே.

அதனாலதான் அந்தக் கதவு எங்ககூடவே வருது. என் அப்பா வீட்டுல இருந்திச்சு, என் வீட்டுல இருந்திச்சு, இனி உங்க பொண்ணு வீட்டுல இருக்கும். தாப்பா உண்டு, பூட்டுக்குச் சாவி கெடையாது. புதுக் கதவு ஏன் போடலேன்னு அவ கேப்பா. நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா எம் மூஞ்சியப் பாப்பா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

அந்தா, ஆசாரி கூப்பிடுதாரு. வாங்க, கதவ அங்கன நகத்தி வைப்போம். நீங்க அந்தப் பக்கத்தப் பிடிங்க சம்மந்தி. அடியில பிடிக்காதீங்க, ஒரு சாண் இத்துப் போயிருக்கும். கொஞ்சம் மேல பிடிங்க.